துழாவும் கை

...நான்காவது கேள்விதான், மூன்று வரைக்கும் பயமில்லை, பிதாவை விசுவாசிக்கிறாயா, விசுவாசிக்கிறேன், குமாரன் நமக்காகச் சிலுவையில் மரித்து மூன்றாம் நாள் எழுந்தார் என்று விசுவாசிக்கிறாயா, விசுவாசிக்கிறேன், பரிசுத்த ஆவியை, ஆமாம், மூவரும் ஒரே தேவன் என்பது மட்டும் ஜமுனாவுக்கு இன்னும் பிடிபடவில்லை, நம்பினால் போதும் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார், ஆனால் அந்த நான்காவது... உயிரோடிருப்பவர்களையும் மரித்தவர்களையும் நியாயந்தீர்க்க அவர் திரும்ப வருவார் என்று விசுவாசிக்கிறாயா? மரித்தவர்களையும். அந்த ஒரு சொல்லில் அவள் புருஷன் ரங்கன் நிற்கிறான். ஏரித் தண்ணீரில் வெள்ளைப் புடவை காலோடு ஒட்டிக்கொண்டது, அவளுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர், அப்புறம் அவள் முறை. கரையில் கஞ்சிராவும் பாட்டும். சபைக்காரர்களை விட்டுத் தள்ளி, வேலிக்கருவை ஓரமாக, பவுனம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், ரங்கனின் தங்கை, ஞானஸ்நானம் பார்க்க வரவே மாட்டேன் என்றவள். நேற்றுச் சாயங்காலம் வாசலில் நின்று கேட்டாளே, "நீ முழுகி எழுந்து மோட்சத்துக்குப் போயிடுவ அண்ணி, முழுகாம செத்த எங்கண்ணன் இன்னா பண்ணுவான்?"னு. அதே கேள்வியில்தான் இவளும் மூன்று மாதமாகத் தூங்காமல் கிடக்கிறாள்.

ரங்கன் கூலிக்கு ஏறிப்போன படகு, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் கவிழ்ந்து இரண்டு வருடமாகிறது. மூன்றாம் நாள்தான் அவனும் வந்தான், மிதந்து. அரைஞாணை வைத்து அடையாளம் சொன்னாள். வலது கையில் விரல்கள் இல்லை, நண்டு தின்றிருந்தது. அதை யாரிடமும் சொல்லி அழ முடியவில்லை, போன ஈஸ்டருக்கு இந்தச் சபையின் கூட்டத்தில் சும்மா போய் உட்கார்ந்தபோது பாஸ்டர் சொன்னார், எழுந்து வந்தவர் பேயுமில்லை நிழலுமில்லை, சதையும் எலும்புமாக வந்தார், கையில் ஆணிக் காயம் அப்படியே இருந்தது, தின்ன ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு மீன் வாங்கித் தின்றார் என்று. மீன்! அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. செத்தும் பசிக்கிற சாமி. நம் சரீரமும் அப்படித்தான் எழும்பும் என்றார். அப்படியென்றால் அந்த விரல்கள்? அந்த நண்டை யாரோ பிடித்து, மீஞ்சூரில் யாரோ குழம்பு வைத்துத் தின்றிருந்தால், அது யாருடைய சரீரத்தில் எழும்பும்? கேட்டேவிட்டாள். பாஸ்டர் சிரிக்கவில்லை. "மண்ணுலருந்து உண்டாக்குனவருக்கு, திரும்பச் சேக்கத் தெரியாதாம்மா?" நல்ல பதில்தான், அன்றிரவு வயிறாரச் சாப்பிட்டாள். அடுத்த கேள்வியைத்தான் கேட்காமலே வந்துவிட்டாள், சேர்த்து எழுப்பி எந்தப் பக்கம் நிறுத்துவார்? விரலையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, நீ என்னை நம்பவில்லை, அப்பால் போ என்பாரா? அதற்கு எழுப்பாமலே விட்டுவிடலாமே... ஐயோ, என்ன நினைப்பு இது, இன்றைக்குப் போய்.

அவள் முறை வந்துவிட்டது. தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் பல் தானாகக் கடித்துக்கொண்டது, பன்னிரண்டு வயதிலிருந்தே வந்த பழக்கம், இறால் போடும் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும், வாயைத் திறந்தால் பறி போய்விடும், கையால் இறால் பிடிக்கும் பெண்கள் ஏரிக்குள் பேசுவதே இல்லை. இந்த இரண்டு வருடமாக அவள் பறி மட்டும் நிறைவதில்லை, கை ராசி போய்விட்டது என்கிறார்கள், அது இப்போது எதற்கு... மூன்று கேள்விக்கும் எப்படியோ பதில் சொல்லிவிட்டாள். நான்காவதற்குப் பல் திறக்கவில்லை. ஆமாம் என்றால் ரங்கனுக்கு எதிராக நானே சாட்சி சொன்ன மாதிரி, இல்லை என்றால் ரங்கன் எழும்பவே மாட்டான், சேற்றோடு சேறு. பாட்டு நின்றுவிட்டது. "அம்மா?" என்றார் பாஸ்டர். கரையில் பவுனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நியாயந்தீக்க வர்றவரு... அந்தக் கையில காயம் இருக்கிறவருதானா? வேற யாராவதா?"

பாஸ்டர் அவளையே பார்த்தார். "அவரேதாம்மா. வேற யாரும் இல்ல."

மீன் கேட்டுத் தின்றவர். அவரிடம் பேசிப் பார்க்கலாம். காலில் விழுந்தாவது பேசிப் பார்க்கலாம். "அப்ப விசுவாசிக்கிறேன்" என்றாள், பயம் போகாமலேயே.

தலைக்கு மேல் தண்ணீர் மூடியது, முழுகுவது சாவு, எழுவது உயிர்த்தெழுதல், கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள், வலது கை நழுவி அடிக்குப் போய்விட்டது, சேற்றுக்குள், அவசரமாக... தூக்கிவிட்டார்கள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று கரை முழுக்கச் சத்தம். அவள் கையில் ஒரு பிடி சேறு. கூடப் பிடித்திருந்த பாஸ்டர் மனைவி, "இங்க வந்துமா உனக்கு இறால் ஞாபகம்?" என்று சிரித்தாள். ஜமுனாவும் சிரிக்கப் பார்த்தாள். இறாலுக்குப் போகும் கை விரல்களை ஒட்ட வைத்துக் குவித்துக்கொண்டுதான் போகும், விரித்தால் ஒன்றும் சிக்காது. இது விரித்துக்கொண்டு போயிருந்தது, இன்னொரு கையோடு கோத்துக்கொள்ளப் போகிற மாதிரி... இன்றைக்கு மட்டுமா, இல்லை இந்த இரண்டு வருடமுமே இப்படித்தான் போய்க்கொண்டிருந்ததா?