சட்டைப் பிள்ளை

"அர்ச்சனைக்குப் பேரு கேட்டா என்ன சொல்லணும்?" என்று மனைவி தாசம்மாள் கேட்டபோது, வேலாயுதம் பிள்ளை கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பித்தான் துளைக்குள் போகாமல் நின்றது.

"ஆரு அர்ச்சனைக்குப் போறா?"

"நான்தான். விளவங்கோட்டுலேருந்து பெரியத்தான் நம்ம ஆளுகளக் கூட்டிட்டு வாறாங்க. வலியசாலைக் கோயிலுக்கு. மகாராசாதான் எல்லாருக்கும் தொறந்து விட்டாச்சே."

"தொறந்து விட்டது அவங்களுக்கு. நமக்கில்ல."

ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அப்ப நாம ஆரு?"

ஆரியசாலையில் மொத்த வியாபாரம் செய்கிறவருக்கு எதைக் கேட்டாலும் ஒரு விலை சொல்லத் தெரியும். இந்தக் கேள்விக்கு அவரிடம் சரக்கு இல்லை. "நீ வெளிய எறங்கப்படாது, சொல்லிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, முன்கட்டில் இருந்த கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவர் பிள்ளை இல்லை. விளவங்கோட்டுப் பனங்காட்டில், தாசம்மாள் பெரியத்தான் என்று சொன்ன அண்ணன் சற்குணத்தோடு பனையேறின நாடார். இளவயதில் கருப்பட்டி மூட்டையோடு திருவனந்தபுரம் வந்தவருக்குக் கடைத்தெரு பிடித்துப்போயிற்று. கடைத்தெருவுக்குத்தான் அவரைப் பிடிக்கவில்லை. காலியாகக் கிடந்த கடையைக் காட்டி, "இது பனையேறிக்கு விடுறதில்ல" என்று சொல்லி அனுப்பினார்கள்.

மற்றவர்களுக்குப் பேரின் வால் பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டு வருகிறது. வேலாயுதன் ஒருவர்தான் அதைச் சந்தையில் இறங்கி, தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து எடுத்தார். செட்டியார் என்பது நல்ல சரக்குத்தான். ஆனால் எந்த ஊர், யார் வீட்டு மருமகன் என்று இரண்டு கேள்வி கேட்டால் குட்டு உடைந்துவிடும். நாயர் என்று வைத்துக்கொள்ள நாக்கு இடம் கொடுக்கவில்லை. வாயைத் திறந்தால் விளவங்கோடு வந்து விழுந்தது. ஐயர் என்று சொல்லலாமா என்றுகூட ஒரு ராத்திரி நினைத்தார். பொய்க்கும் ஒரு முதல் வேண்டும், அந்த அளவுக்குக் கையில் முதல் இல்லை என்று விட்டுவிட்டார். கடைசியில் பிள்ளை அகப்பட்டது. மலையாளத்திலும் பிள்ளை உண்டு, தமிழிலும் உண்டு. வெள்ளாளர்கள் இவரை மலையாளத்துப் பிள்ளை என்று நினைத்துக்கொள்வார்கள். மலையாளிகள் நாஞ்சில்நாட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொள்வார்கள். யாரும் தன் வீட்டுக்குள் தேடிப் பார்க்க மாட்டார்கள். இதைவிடப் பொருத்தமான வால் திருவிதாங்கூர் முழுக்க அலைந்தாலும் கிடைக்காது. அடுத்த தெருவில் போய்க் கேட்டார், கடை கிடைத்தது. தகரப் பலகையில் பேர் ஏறியது.

பேரை மாற்றியவரால் நெஞ்சை மாற்ற முடியவில்லை. பனையைக் கட்டித் தழுவி ஏறி இறங்கினவன் நெஞ்சில் தோல் தடித்துக் காய்த்துப்போகும். ஏற்றத்தை விட்டு எத்தனை காலம் ஆனாலும் அந்தக் காய்ப்பு போகாது. மீன மாச வெயிலில் ஆரியசாலை வியாபாரிகள் எல்லாரும் தோளில் ஒரு துண்டோடு திறந்த மார்பாக உட்கார்ந்து விலை பேசுவார்கள். வேலாயுதம் பிள்ளை மட்டும் கழுத்துவரை பித்தான் போட்ட சட்டைக்குள் வேர்த்து ஒழுகிக்கொண்டிருப்பார். கேட்டால் நெஞ்சில் சளி. கோயிலுக்குள் ஆண்பிள்ளை சட்டையோடு போக முடியாது. அதற்கு ஒரு நேர்ச்சை வைத்திருந்தார். திருச்செந்தூரில் காவடி எடுக்காமல் வேறு நடை மிதிப்பதில்லையாம். காவடி எடுக்க நேரம் வரவே இல்லை. தெரு அவருக்குச் 'சட்டைப் பிள்ளை' என்று பேர் வைத்தது. பேரம் பேசாமல் அவருக்குக் கிடைத்த பேர் அது ஒன்றுதான். முடிவில் பிள்ளை இருந்ததால் அதிலும் அவருக்குச் சந்தோஷம்தான்.

சற்குணம் கருப்பட்டி கொண்டுவருகிறவனாகத்தான் அந்தக் கடைக்கு வந்து போனார். நாலுபேர் முன்னால் தம்பியை "மொதலாளி" என்பார். முதல் தடவை அப்படிக் கூப்பிடச் சொன்னபோது, "கேக்க நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். தாகம் எடுத்தால் படிக்குக் கீழே நின்று கையைக் குவிப்பார். பிள்ளைக் கடை வழக்கப்படி வேலாயுதம் பிள்ளை மேலிருந்து செம்பைச் சாய்த்து ஊற்றுவார். பாதித் தண்ணீர் அண்ணன் முழங்கையில் வழிந்து தெருவுக்குப் போகும்.

அன்று பகல் எதிர்க்கடை சிவதாணு பிள்ளை வந்து பலகையில் உட்கார்ந்தார். மிளகு வியாபாரி. வெள்ளாளர். வேலாயுதம் பிள்ளையிடம் பிரியம் உள்ளவர்.

"கேட்டீரா சட்டைப் பிள்ளை, வலியசாலையில என்ன கூட்டம்ங்கேன்! பனங்காடே எறங்கி வந்திருக்கு. சட்டையக் கழத்தினானுக பாரும், ஒவ்வொருத்தன் நெஞ்சும் உடும்புத்தோலு மாதிரி. ஜாதியக் கேக்கவே வேண்டாம் வே, எழுதி ஒட்டியிருக்கு."

"ஓ" என்றார் வேலாயுதம் பிள்ளை.

"நீருதான் புத்திசாலி. நேர்ச்சை கீர்ச்சைன்னு சொல்லி ஆதியிலேயே ஒதுங்கிட்டீரு. இனி நாங்களும் உம்ம கட்சிதான்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். வேலாயுதம் பிள்ளையும் கூடச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் படியருகே நிழல் தட்டியது.

சற்குணம் நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கழற்ற ஒரு சட்டை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நெற்றியில் சந்தனம், காய்த்துக் கறுத்த நெஞ்சின் குறுக்கே சந்தனம், கையில் வாழையிலைப் பொட்டலம். இத்தனை காலம் தெருவோரமாக ஒதுங்கி நடந்தவர் போலவே தெரியவில்லை. கல்யாண வீட்டிலிருந்து வருகிறவர் மாதிரி முகம் மலர்ந்திருந்தது.

"மொதலாளி, ஒங்களுக்கும் ஒரு அர்ச்சனை கழிச்சோம். பேரும் நாளும் மட்டும் போதும்னுட்டாரு பூசைக்காரப் போத்தி. வேற ஒண்ணும் கேக்கல்ல."

சிவதாணு பிள்ளை புருவத்தைத் தூக்கினார். "உம்ம நட்சத்திரம் இவனுக்கு எப்படி வே தெரியும்?"

"எப்பமாவது... பேச்சுவாக்குல சொல்லியிருப்பேன்."

சற்குணம் பொட்டலத்தை நீட்டினார். நீட்டின கை அப்படியே நின்றது. சிவதாணு பிள்ளை பலகையில் சற்று நகர்ந்து உட்கார்ந்து, துண்டின் நுனி தொங்காமல் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டார். வேலாயுதம் பிள்ளையின் கை பாதி தூரம் எழுந்து, மேஜைமேல் கிடந்த ஒரு சணல் கயிற்றை எடுத்தது.

"அங்ஙன வச்சிட்டுப் போ."

பனையிலிருந்து ஒருமுறை கால் வழுக்கியபோது இடுப்பைப் பிடித்து நிறுத்திய அண்ணனைப் பார்த்துத்தான் அவர் அப்படிச் சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கயிற்றைப் பார்த்துச் சொன்னார்.

சற்குணம் பொட்டலத்தைத் தராசுத் தட்டில் வைத்தார். ஒரு இலையும் ஒரு உருண்டைச் சந்தனமும்தான். தட்டு அசையக்கூட இல்லை.

"வச்சாச்சு மொதலாளி." மலர்ச்சி போய்விட்டது. பழைய சற்குணமாகி அவர் படியை விட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"பெரியத்தான்!"

உள்வாசலில் தாசம்மாள். பின்வாசல் வழியாகக் கோயிலுக்குப் போய்விட்டுப் பின்வாசல் வழியாகவே வந்திருந்தாள். கூந்தலில் வில்வ இலை. தெருவில் நாலு வார்த்தை பேசினால் ஊர் தெரிந்துவிடும் என்று கணவன் வாயை அடைத்து வைத்திருந்தவள், இப்போது தெருவுக்கே கேட்கும்படி பேசினாள்.

"எங்க போறீங்க? வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடியுங்க."

அவள் கடையைக் கடந்து படியில் இறங்கிச் செம்பை அவர் கையிலேயே கொடுத்தாள். சற்குணம் செம்பைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். தம்பி கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். சற்குணம் செம்பை வாயில் வைத்துக் குடித்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"வாங்க, சோறு வெளம்பியிருக்கேன். ஒங்க தம்பி மெதுவா வரட்டும்."

சற்குணம் படியேறினார். பலகையைக் கடந்து, தராசைக் கடந்து, முதன்முதலாக அந்த வீட்டுக்குள் போனார்.

சிவதாணு பிள்ளை உள்வாசலையே பார்த்தார். பிறகு, "தம்பியா?" என்றார்.

வேலாயுதம் பிள்ளை கயிற்று முடிச்சை இறுக்கினார். மிளகுக்காரர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். படியில் நின்று தகரப் பலகையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். திட்டவில்லை. "நெஞ்சில சளி..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனார். போனவர் தன் கடையில் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே சற்குணம் ஏதோ சொல்லுவதும் தாசம்மாள் வாய்விட்டுச் சிரிப்பதும் கேட்டன. அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. இலையில் அவருக்கும் சோறு ஆறிக்கொண்டிருக்கும். போய் உட்கார வேண்டியதுதான். அவர் கயிற்றைச் சுருட்டி மேஜைமேல் வைத்தார்.

தராசுத் தட்டில் சந்தனம் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. வேலாயுதம் பிள்ளை விரலால் தொட்டு எடுத்தார். எதிர்க்கடையைப் பார்த்தார். மறைக்க இனி ஒன்றும் இல்லை, தெருவுக்குத் தெரிந்தாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுவதும் தெரிந்துவிடும்.

ஆனாலும் அவர் முதுகைத் தெருவுக்குக் காட்டித் திரும்பிக்கொண்டு, இரண்டு பித்தானுக்கு நடுவில் விரலை நுழைத்து, காய்ப்பின்மேல் சந்தனத்தைப் பூசிக்கொண்டார். பித்தானைக் கழற்றவில்லை.