கேமரா சித்தப்பா பிடித்த பேய்

"குளத்துல இறங்கவே மாட்டேங்கிறியாமே? உன்னச் சொல்லி என்ன குட்டி! உங்கம்மா பேய்க் கார்ட்டூன் பாத்துத் தெருவே கேக்கக் கத்தினவளாச்சே. அந்த ரத்தம்தானே உனக்கும்?"

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் இப்படிச் சொல்லிவிட்டு, தன் நகைச்சுவையைத் தானே ரசித்துச் சிரித்தான். ஏழு வயதுக் குட்டி சிரிக்கவில்லை. "எனக்கு வராதும்மா. நான் நீச்சலுக்குப் போகல" என்று நீச்சலுடையைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

குட்டியின் அம்மாவான தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருடமாக இதே பாட்டு. அவள் வண்டி ஓட்டக் கற்றபோதும் பாடினான், கண்ணாடிக் கடையில் இரவு தனியாகக் கடையடைக்கும் வேலைக்குச் சேர்ந்தபோதும் பாடினான். தன்னைச் சொன்னபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இப்போது பிள்ளை தலையிலும் கட்டுகிறானே! அடுத்த வாரத் திங்கட்கிழமையும் குட்டி இறங்காவிட்டால் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவதாக நீச்சல் டீச்சர் வேறு சொல்லியிருந்தாள்.

"கத்தினது நீதான். கேசட்டு இருக்கு. அடுத்த ஞாயிறு வா, காட்டுறேன்" என்றாள்.

கேசட் இருந்தது உண்மை. கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்த சித்தப்பாவிடம், டிவியில் வரும் அந்தக் கார்ட்டூனைப் பதிவு செய்து தரச் சொல்லி அண்ணனும் தங்கையும் நச்சரித்தார்கள். அதற்கென்று விசிஆர் என்ற தனிப் பெட்டி உண்டு என்பதெல்லாம் சித்தப்பாவுக்குப் பொருட்டில்லை. கேமராவைத் தோளில் வைத்து, டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, கல்யாணம் எடுப்பதுபோலவே திரையைப் படம்பிடித்துவிட்டார். மைக்கை அணைக்க மறந்ததால் அறையில் நடந்ததும் பதிவாகியிருந்தது.

அந்தக் கேசட்டை டிவிடி தட்டுக்கு மாற்றுவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "பூஞ்ச பிடிச்சிருக்கும்மா, நாளைக்கு வாங்க" என்று கடைக்காரர் வாரம் முழுக்க இழுத்தடித்தார். தட்டு வந்தால் போட்டுப் பார்க்க டிவிடி பெட்டி இல்லை. மாடிவீட்டில் இரவல் வாங்கினால் வயர் பொருந்தவில்லை. வயர் வாங்கினால் ரிமோட் செத்துக் கிடந்தது.

ஞாயிறு மதியம் அண்ணன் சோபாவில் நடு இடத்தைப் பிடித்துக்கொண்டான். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடின. பாதிப் படத்தைச் சித்தப்பாவின் கட்டைவிரல் மறைத்தது. மீதிப் பாதியில், ஆணியில் மாட்டியிருந்த ஒரு கறுப்புக் கோட்டு ஆளில்லாமல் தானாக இறங்கி, கைகளை ஆட்டிக்கொண்டு படியேறியது.

"இதுக்கா பயந்தீங்க?" என்றாள் குட்டி.

அப்போது வீல் என்று ஓர் அலறல். அது தங்கையின் சின்ன வயதுக் குரலேதான். இத்தனை வருடமாக அண்ணன் கத்தியதாகச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தவள், ஊரைக் கூட்டித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

"கேட்டியா குட்டி!" என்று அண்ணன் துள்ளினான். "போதும், நிறுத்து." ரிமோட்டை அமுக்கு அமுக்கென்று அமுக்கினான். அது வேலை செய்தால்தானே? படம் பாட்டுக்கு ஓடியது. நாற்காலி சாயும் சத்தம். தடதடவென்று காலடி. ஒரு கதவு அறைந்து சாத்தப்பட்டது.

"டேய் பெரியவனே! பீரோக்குள்ள என்னடா பண்ற? வெளிய வாடா!" என்றது சித்தப்பாவின் குரல். பிறகு, "சின்னவளே, நீ ஏன் அழற? டிவிய நிறுத்திடவா?"

"வேணாம்!" விசும்பலுக்கு நடுவே ஓர் ஐந்து வயதுக் குரல். "கோட்டு எங்க போகுதுன்னு நான் பாக்கணும்." உடனே இன்னோர் அலறல். "நிறுத்தாதீங்க சித்தப்பா!" மறுபடி அலறல். கோட்டு திரும்பி வந்து ஆணியில் தொங்கும்வரை அந்தப் பிள்ளை அலறிக்கொண்டே பார்த்தது. பீரோ திறக்கவேயில்லை.

"எனக்கு அன்னைக்கு வயித்து வலி" என்றான் அண்ணன்.

"வயித்து வலிக்குப் பீரோக்குள்ளயாண்ணா போவாங்க?"

அண்ணன் வயர் சரியில்லை என்று டிவியின் பின்பக்கம் போய்க் குனிந்துகொண்டான். தங்கை அவனை விட்டுவிட்டாள். ஜெயித்த சந்தோஷமெல்லாம் ஒன்றும் வரவில்லை. அந்த ஐந்து வயதுப் பிள்ளையைப் பற்றி யாரும் தன்னிடம் சொல்லவேயில்லையே என்றுதான் தோன்றியது.

குட்டி அவள் முழங்கையைச் சுரண்டினாள். "பயந்துக்கிட்டேவாம்மா பாத்த?"

"ஆமாண்டி. செம பயம்."

"அப்போ கத்திக்கிட்டே குளத்துல இறங்கலாமா?"

"தொண்ட கிழியக் கத்து. யார் கேக்கப் போறாங்க!"

குட்டி போய்க் கட்டிலுக்கடியில் கிடந்த நீச்சலுடையை எடுத்து வந்தாள். "அப்போ டீச்சருக்குப் போன் பண்ணு. நாளைக்குக் காதுல பஞ்சு வச்சுக்கிட்டு வரச் சொல்லு."