முழங்கை உயரம்

தையல்காரருக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது என்று சொன்னால் அது பொய். பற்றவைப்பார், அணைக்க மறந்துவிடுவார். துணியில் கண்ணை வைத்துவிட்டால் வீடே எரிந்தாலும் தெரியாத மனிதர். பாத்திரம் கரியாகி, ஜன்னல் திரையும் கருகிய அன்று அவருடைய மனைவி ஒரு முடிவுக்கு வந்தாள். இனி மைக்ரோவேவ்தான். நேரம் முடிந்தால் அது தானாக நின்றுவிடும்.

இத்தனை வருஷம் இல்லாத அவசரம் இப்போது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்ற பயம். அவள் கல்லீரலில் இருக்கும் கட்டி இனி மருந்துக்குக் கட்டுப்படாது என்று டாக்டர் இருவரையும் உட்காரவைத்துத்தான் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேச்சைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்கள். அவள் உடம்பு வற்ற வற்ற, அவளுடைய சட்டைகளைக் கடைக்கு எடுத்துப்போய்ப் பக்கவாட்டில் பிடித்துத் தைத்து, மடித்து அலமாரியில் வைத்துவிடுவார். அவளும் ஒன்றும் தெரியாதவள் போல எடுத்துப் போட்டுக்கொள்வாள். மிஞ்சிய துணியை மட்டும் அவர் வெட்டுவதில்லை. மறுபடி சதை பிடித்தால் பிரித்துவிடலாம் என்பது அவர் நினைப்பு.

சமையலறை கைக்குட்டை அளவு. மேடையில் வைத்தால் காய் நறுக்க இடம் இருக்காது. அதனால் அலமாரிக்குள்ளேயே பொருத்துகிற சின்ன ரகமாகப் பார்க்கக் கிளம்பினார்கள். கடைக்காரர் பளபளவென்று தொடுதிரை வைத்ததைக் காட்டி அளந்துவிட்டுக்கொண்டிருந்தார். அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை, கண்ணாடி போடாமலே தடவித் திருப்புகிற மாதிரி குமிழ் வேண்டும் என்றாள். கண்ணாடியைத் தொலைப்பது யார் என்று கடைக்காரருக்குத் தெரியாது. பிறகு கணவரைக் கடையின் மறுகோடிக்கு அனுப்பி, கடைக்காரரிடம் பெட்டியின் மணியை அடிக்கச் சொல்லி, கேட்கிறதா என்று சைகையில் கேட்டாள். கடைசியாகப் பையிலிருந்து ஒரு பீங்கான் சாப்பாட்டுத் தட்டை எடுத்து உள்ளே வைத்துப் பார்த்தாள். முதல் பெட்டியில் தட்டு சுவரில் இடித்தது. அடுத்ததில் தாராளமாகச் சுற்றியது.

அது அவருடைய தட்டு. தன்னுடையதை அவள் கொண்டுவரவே இல்லை.  அவர் எதிரே இருந்த துணி துவைக்கும் இயந்திரத்தின் விலையைப் படிப்பது போல நின்றுகொண்டார்.

பெட்டியைப் பொருத்த ஒப்புக்கொண்ட தச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. சூடான தட்டை வெளியே எடுக்கிற எதையும், புழங்குகிறவரின் முழங்கை உயரத்துக்குத்தான் அவர் வைப்பார். கூடினால் முகத்தில் கொட்டும், குறைந்தால் முதுகு போகும் என்பார். இந்த வீட்டில் அதுவே பெரிய கேள்வி. தையல்காரர் நெடுநெடுவென்று ஏணி, அவள் பக்கத்தில் நின்றால் முக்காலி. இவர் அளவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தச்சரிடம் அவள் கறாராகச் சொல்லியிருந்தாள்.

தச்சர் வேலைக்கு வந்த அன்று அவள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டுச் சாவியை அனுப்பிவிட்டு அவர் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். முழங்கை அளவு எடுக்காமல் விட்டுப்போயிற்றே என்று தச்சர் போனில் கேட்டார். வீட்டுக்கார அம்மா மனசு மாறிவிட்டதாக ஒரு புளுகு புளுகி, தையல்காரர் அவளுடைய அளவைச் சொன்னார். அதற்கு டேப் தேவைப்படவில்லை. அவள் அளவு முழுக்க அவருக்கு மனப்பாடம். சொல்லி முடித்ததும், அவள் எழுந்து நடந்து வந்து அந்தக் கதவைத் திறக்கப்போகிற மாதிரி ஒரு நிம்மதி வந்தது. அசட்டு நிம்மதி.

இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சக்கர நாற்காலியில் வந்தவள் நேராகச் சமையலறைக்குத் தள்ளச் சொன்னாள். பெட்டி அலமாரியோடு அலமாரியாகக் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, சாப்பாட்டைச் சூடு பண்ணுங்கள், பார்க்கிறேன் என்றாள்.

அவர் இடுப்பை மடித்துக் குனிந்து, குமிழைத் தேடித் திருகினார். மணி அடித்தது. தட்டை எடுக்கும்போது முழங்கை சட்டத்தில் இடித்து, பாதிச் சாப்பாடு தரையில் கொட்டியது.

"யாரோட அளவு இது?" என்றாள்.

"உன்னோடது."

"அது நான் நின்னுக்கிட்டு இருந்தப்போ எடுத்த அளவு."

அவர் உட்கார்ந்து தரையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"நான் போயிடுவேங்க," என்றாள் அவள். "அப்புறமும் உங்களுக்குப் பசிக்கும். அதுக்குத்தான் இதைப் பார்த்துப் பார்த்து வாங்கினேன். இதையும் எனக்குன்னு வச்சா நான் என்ன செய்யட்டும்?"

பரணில் கிடந்த பேச்சு இறங்கிவிட்டது. அவர் துணியைக் கையில் பிடித்தபடியே அழுதார். அவள் தேற்றவில்லை, அதற்கு அவளிடம் தெம்பு இல்லை. தச்சரைக் கூப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் தச்சர் முணுமுணுத்துக்கொண்டே பெட்டியை வெளியே எடுத்தார். தையல்காரரைச் சுவரோரம் நிறுத்தி, கையை மடக்கச் சொல்லி, டேப்பைத் தரையிலிருந்து இழுத்தார். ஊரில் பாதிப் பேருக்கு அளவெடுத்தவர், தன்னை அளக்கும்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விழித்தார்.

அவள் நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தொந்தியை உள்ளிழுத்து டேப்பை ஏமாற்றுகிறவர்களை அவரோடு கடையில் உட்கார்ந்து எத்தனையோ முறை பார்த்தவள். அவளிடம் நடக்குமா?

"முட்டியை மடக்காதீங்க," என்றாள். "நேரா நில்லுங்க."

அவர் நேராக நின்றார். தச்சர் பென்சிலை எடுத்துச் சுவரில் கோடு போட்டார்.