ஐம்பத்திரண்டு வாரேன்

பட்டியலில் இருந்த ஐம்பத்திரண்டு விவசாயிகளும் மறுநாள் மல்லிகை கொண்டுவருவதாகத் தினமும் நோட்டில் பதிவாகியிருக்கும். ஆனால் ஒருநாள் முப்பது பேர், இன்னொரு நாள் இருபது பேர் என்றுதான் வருவார்கள். ஏன் என்று தமிழ்மதிக்குப் புரியவில்லை.

பொருளாதாரப் பட்டப்படிப்பின் நடுவே ஒரு வருடத் தொழிற்பயிற்சிக்காக, நிலக்கோட்டைப் பக்கம் பூவிலிருந்து வாசனைச் சாறு எடுக்கும் ஆலையில் அவள் சேர்ந்திருந்தாள். நாளைக்கு எவ்வளவு பூ வரும் என்று முன்கூட்டியே சொல்வது அவள் வேலை. அதை வைத்துத்தான் எத்தனை கலன்களைத் தயார் செய்வது என்று முடிவு செய்வார்கள். வெள்ளிக்கிழமையும் கணிப்பு தப்பினால் பயிற்சியை நிறுத்திவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். நிறுத்தினால் படிப்பில் ஒரு வருடம் வீண்.

மழை, முகூர்த்த நாள், சந்தை விலை என்று எல்லாவற்றையும் வரைபடம் போட்டுப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை.

வியாழக்கிழமை, விவசாயிகளுக்குப் போன் செய்யும் ஸ்டான்லியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சோலைமுத்து என்ற விவசாயியின் குரல் போனைத் தாண்டிக் கேட்டது.

"செடியில மொட்டே இல்லப்பா. நாளைக்குத் தோதுப்படாது. சரி, வாரேன்."

ஸ்டான்லி நோட்டில் எழுதினார்: 'சோலைமுத்து, வாரேன்.'

"அண்ணே! அது போனை வைக்கிறதுக்குச் சொல்றதுண்ணே!"

"எனக்குத் தெரியாதாத்தா? கடைசியா என்ன சொல்றாகளோ அத அப்படியே எழுதணும்னு நீதான சொன்ன?"

"கடைசி முடிவைச் சொன்னேன்ணே, கடைசி வார்த்தையை இல்ல!"

அன்றே எல்லோருக்கும் மறுபடி போன் போட்டார்கள். ஸ்டான்லி "எத்தனை கூடை?" என்று மட்டும் கேட்டு, எண் சொன்னவர்களை மட்டும் எழுதினார். முப்பத்தோரு பேர். வெள்ளிக்கிழமை முப்பத்தோரு பேரும் வந்தார்கள்.