கால்வாயைத் தொடும் துண்டுகள்

சாய்குமார் பொத்தானை அழுத்திவிட்டு, மாப்பிள்ளை மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டான். மென்பொருள் விற்க வந்தவன்; அந்தத் தெனாவெட்டு இருக்கத்தான் செய்யும்.

ஒரே மாவட்டமாக இருந்ததைப் பிரித்தபின், சித்தூர் வரைபடம் ஒரு தினுசு, திருப்பதி வரைபடம் ஒரு தினுசு என்றாகிவிட்டது. ஒன்றில் ஓடுகிற ஓடை மற்றதில் எல்லையோடு நின்றுபோகும். இரண்டையும் இணைக்க எந்த மென்பொருளை வாங்கலாம் என்று சோதித்து மார்க் போடுவது திருப்பதியிலிருக்கும் எங்கள் கம்பெனிக்கு வந்த வேலை. மார்க் போடுகிறவர்கள் நகரிக்காரரான மேனேஜர் தனசேகர் சாரும், ஒப்பந்த ஊழியரான நளினி என்கிற நானும். இந்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பது சார் கையில்.

கோடுகள் சரியாக ஒட்டாத இடமெல்லாம் தப்பு. எதில் தப்பு குறைவோ அதற்குத்தான் மார்க். போன வாரம் சோதித்த மென்பொருள் ஆயிரக்கணக்கில் தப்பைக் காட்டிவிட்டு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கைவிரித்துவிட்டது. சாய்குமாருடையது கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுப் பூஜ்யம் என்று காட்டியது. சார் கையே தட்டிவிட்டார்.

எந்த வரைபடம் கைக்கு வந்தாலும் முதலில் பிச்சாட்டூர் பக்கம் போய் எங்கள் நைனா நிலத்தைப் பார்ப்பது என் பழக்கம். அன்றும் பார்த்தேன். நிலத்தைக் காணோம்.

கூலிக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் தாத்தாவுக்கு அரசாங்கம் கொடுத்த நிலம் அது. நைனாவும் அவர் தம்பிகளும் பாகம் பிரித்தபோது குறுக்கே வெட்டவில்லை. குறுக்கே வெட்டினால் கால்வாய் ஒருத்தருக்கே போய்விடும். அதனால் ரிப்பன் மாதிரி நீளவாக்கில் பிரித்துக்கொண்டார்கள். எல்லார் துண்டும் கால்வாயைத் தொடும். இப்போது அந்த ரிப்பன்கள் எதுவும் இல்லை. பக்கத்துக் கங்கையாவின் மாந்தோப்பு கால்வாய் வரைக்கும் ஒரே பச்சையாக வந்து உட்கார்ந்திருந்தது.

"சின்னச் சின்னத் துண்டெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"அதா மேடம்? ஒல்லியா நீளமா இருக்கறதெல்லாம் கோடு ஒட்டாம விழற குப்பை. சாஃப்ட்வேரே பக்கத்து நிலத்துல சேத்துடும். ஏம் பர்வாலேது, டென்ஷன் வேணாம்."

குப்பையாம்! அவன் லேப்டாப்பைத் தூக்கி ஜன்னல் வழியே எறியலாம் போல ஆத்திரம் வந்தது. அடுத்த நொடியே பயம் வந்தது. சோதிக்கிறவருக்குச் சொந்த ஆதாயம் எதுவும் இருக்கக் கூடாது என்று நான்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எங்கள் நிலம் என்று சொன்னால் என் வேலை போகும். வாயை மூடிக்கொண்டால் நிலம் போகும். இனிமேல் பயிர்ப் பதிவு, நஷ்ட ஈடு எல்லாம் இந்த வரைபடத்தை வைத்துத்தான். இதில் விட்டுப்போனால் நைனா சித்தூருக்கும் திருப்பதிக்கும் செருப்புத் தேய அலைய வேண்டியதுதான்.

நேரம் பார்த்து அவரே போன் செய்தார். வராந்தாவுக்கு ஓடினேன்.

"இன்னாம்மா, துன்னியா?"

"துன்னேன் நைனா." பொய். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

"புது மேப்பு போட்டுக்கினு கீறீங்களாமே. ஊரு பூரா அதே பேச்சு. எம் பொண்ணுதான் போடுதுன்னு சொல்லிக்கினு கீறேன். நம்ம நெலம் அதுல கீதா?"

"அப்புறம் பேசறேன் நைனா," என்று வைத்துவிட்டேன்.

உள்ளே சார் மார்க் தாளை நீட்டினார். "நூத்துக்கு நூறு போடலாமா? கையெழுத்துப் போடும்மா."

பேனாவைப் பிடித்தேன். "சார், இது எங்க நைனா நெலம். இங்க இருந்துது. இந்த சாஃப்ட்வேர் முழுங்கிடுச்சு!" என்று கத்தியே விட்டேன்.

சாய்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்போ உங்களுக்கு சொந்த இன்ட்ரஸ்ட் இருக்கு. உங்க மார்க் செல்லாது மேடம்."

அவன் சொன்னது நியாயம். அதுதான் எனக்கு அழுகையாக வந்தது.

சார் நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டார். "உங்க எடம் மட்டுந்தானா?"

எனக்குச் சுருக்கென்றது. இருந்த பதற்றத்தில் வேறு எங்கும் நான் பார்க்கவே இல்லை. பழைய வரைபடத்தைப் புதியதன் மேல் வைத்து, காணாமல் போனதையெல்லாம் சிவப்பில் காட்டச் சொன்னேன்.

திரை சிவந்தது. கால்வாய் போன வழியெல்லாம், ஏரிக்கரையெல்லாம், தண்ணீரைப் பங்கு போட்டுக்கொண்ட இடமெல்லாம் சிவப்பு ரிப்பன்கள். சார் மெல்ல நகரிப் பக்கம் நகர்த்தினார். தறிக்காரர்கள் தெருவில் சுவரோடு சுவராக ஒட்டிய ஒல்லி வீடுகளும் சிவப்பாகவே இருந்தன. ஒன்றின் மேல் விரலை வைத்தவர் ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

"உங்க வீடா சார்?"

அவர் பேனாவை வாங்கி, மார்க் தாளில் என் பெயரை அடித்தார். எனக்கு உயிரே போனது. பிறகு தன் பெயரையும் அடித்தார். "ரெண்டு பேரும் மார்க் போடக் கூடாது. இந்த செவப்ப அப்படியே மேல அனுப்பறேன். பாத்துட்டு அவங்களே போடட்டும்."

"என் வேலை சார்?"

"போன வாரத்து சாஃப்ட்வேர் தப்ப மட்டும் காட்டும், தொடாது. அத வாங்கினா ஒவ்வொரு தப்பையும் ஆளு உக்காந்து பாக்கணும். நீ பாரு. உங்க நைனா துண்ட மட்டும் வேற ஆளு பாக்கட்டும்."

வராந்தாவுக்கு வந்து நானே போன் போட்டேன். பேச வாயெடுத்ததும் அழுகைதான் வந்தது.

"இன்னாம்மா? இல்லியா?"

"கீது நைனா. செவப்புக் கலர்ல கீது."

"செவப்பா?" என்றார் நைனா, சந்தோஷமாக. "நல்லதாச்சு. தூரத்துலேர்ந்தே தெரியும்."