முனீஸ்வரியின் சட்டி

அலங்காநல்லூருக்கு வடக்கே எங்கள் ஊரில் முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளிக்கிறவள் நான்தான். பங்குனித் திருவிழாவுக்கு விதை போட்ட ஒன்பது நாளும் சட்டிகள் என் வீட்டு இருட்டறையில் இருக்கும். வெயில் படக் கூடாது, ஆம்பளை நிழல் படக் கூடாது. சுத்தபத்தமான ஒருத்தி மட்டும் உள்ளே போக வேண்டும். பதினோரு வருஷமாக அந்த ஒருத்தி நான். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. மற்றப் பெண்கள் சாயங்காலம் முற்றத்தில் கும்மி கொட்டிவிட்டுப் போவார்கள். முளை எப்படி வந்திருக்கிறது என்பது தூக்கும் நாளில்தான் அவர்கள் கண்ணில் படும்.

இந்த வருஷம் இருபத்தேழு சட்டி. ஒன்று என்னுடையது, ஒன்று முனீஸ்வரியுடையது. செத்துப்போன என் அக்காவின் மகள், இருபத்தாறு வயது. சிவனாண்டியின் தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். தை மாதம் ஒரு மத்தியானம் சுடிதார் கிழிந்து, கழுத்தில் நகக்கீறலோடு நேராக என் வீட்டுக்கு வந்தாள். சிவனாண்டி குடோன் கதவைச் சாத்திவிட்டான் என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் தலையில் தண்ணீரை ஊற்றினேன். கிழிந்த சுடிதாரை அடுப்பில் போட்டேன்.

"வெளிய சொல்லிறாத. நம்ம பேருதான் நாறும்," என்றேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது.

அவள் கேட்கவில்லை. மறுவாரமே டவுனுக்குப் போய் மகளிர் ஸ்டேஷனில் புகார் கொடுத்தாள். "நீ பாத்ததை மட்டும் வந்து சொல்லு சின்னம்மா," என்று மூன்று தடவை கூப்பிட்டாள். மாடு கன்று போட்டிருக்கிறது என்றேன், முழங்கால் வலி என்றேன். அந்த மாட்டுக்கு வாய் இருந்தால் என் முகத்தில் காறித் துப்பியிருக்கும்.

ஊர் அவளைவிட்டு ஒதுங்கியது. சிவனாண்டியைவிட்டு ஒருத்தரும் ஒதுங்கவில்லை. திருவிழாவுக்கு மைக் செட் அவன் உபயம், கோயிலில் பரிவட்டம் அவன் தலைக்கு. அவன் சுத்தமா என்று ஒரு நாக்கும் கேட்கவில்லை. கும்மியில் முதல் குரல் கொடுக்கும் மாயக்காள் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கெட்டுப்போன புள்ள பாரி தூக்குனா ஊரு வெளங்குமா? நீயே சொல்லி நிறுத்து செல்லக்கிளி. இல்லேன்னா அடுத்த வருசம் வேற வீட்ல வச்சுக்கிறோம்."

முனீஸ்வரியிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலாம் நாளிலிருந்து அவள் சட்டிக்கு மட்டும் தண்ணீர் தெளிக்காமல் விட்டேன். முளை வாடினால் அவளே வெட்கப்பட்டு நின்றுகொள்வாள், நான் கெட்ட பேர் வாங்க வேண்டாம் என்று நினைத்தேன். இப்போது சொல்லும்போதும் உடம்பு கூசுகிறது.

ஒன்பதாம் நாள் சட்டிகளை முற்றத்துக்குக் கொண்டுவந்து வைத்தோம். இருபத்தாறு சட்டியிலும் முளை முழ உயரத்துக்கு நின்றது. அவள் சட்டியில் விரல் நீளத்துக்கு, தலை தொங்கிக் கிடந்தது.

"பாத்தீகளா? ஆத்தாளே காட்டிக் குடுத்துட்டா," என்றாள் மாயக்காள்.

முனீஸ்வரி சண்டைக்குப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. சட்டி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து முளைகளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப தப்பு எம்மேலதானா சின்னம்மா? ஆத்தாளுக்கே நான் ஆகலையே. திங்கக்கெழம போயி புகாரைத் திரும்ப வாங்கிர்றேன்."

அவளை ஊரும் உடைக்கவில்லை, சிவனாண்டியும் உடைக்கவில்லை. நான் உடைத்துவிட்டேன்.

"ஆத்தா ஒண்ணும் செய்யல. நான்தான் தண்ணி தெளிக்கல," என்றேன்.

"நான் ஒன்னையத் தண்ணி தெளிக்காதேன்னா சொன்னேன்?" என்று மாயக்காள் கத்தினாள்.

"இல்ல. அது என் புத்தி," என்றேன். முனீஸ்வரியிடம் என் சட்டியை நீட்டினேன். "இதைத் தூக்கிக்க தாயி."

அவள் அதைப் பார்க்கவே இல்லை. "எத்தனை நாளா தெளிக்கல?"

"அஞ்சு நாளா."

வாடிய சட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். "எந்தலையில தண்ணி ஊத்துனது, சுடிதாரை எரிச்சது, இதெல்லாம் ஸ்டேஷன்ல சொல்லுவியா?"

"சொல்றேன்."

"சொல்லிட்டு வா. அதுவரைக்கும் ஒன்னைய நான் சின்னம்மான்னு கூப்பிட மாட்டேன்."

கொட்டுச் சத்தம் கிளம்பியது. வரிசையில் கடைசி ஆளாக அவள் நடந்தாள். முன்னால் போனவர்கள் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்களே தவிர, போ என்று யாரும் சொல்லவில்லை. என் சட்டியை முற்றத்திலேயே விட்டுவிட்டு நான் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டார். "மகளிர் போலீஸ் ஸ்டேஷன்," என்றேன். பஸ்ஸில் நாலைந்து பேர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையைக் குனிந்தேன். இதே பஸ்ஸில், இதே பேரைச் சொல்லி, முனீஸ்வரி தனியாக எத்தனை தடவை டிக்கெட் எடுத்திருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.