தகவல் சொன்னவர்

அப்பா வீசிய கருவித் தட்டு மகளின் நெற்றியைக் கிழித்துவிட்டுச் சுவரில் மோதியது. கருக்கலைப்புக்கான உறிஞ்சுகுழாய்கள் தரையெங்கும் சிதறின. வெளியே காத்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"எங்கப்பா பேர்ல நடக்கிற ஆஸ்பத்திரி இது. இங்க கலைக்கிற வேலை நடந்தா நான் தெருவுல தலை காட்ட முடியுமா?" என்று அப்பா கத்தினார்.

மருத்துவப் பயிற்சியில் மகள் நூற்றுக்கு மேல் செய்தவள். படித்ததை வீட்டு வாசலிலேயே கழற்றிவிட்டு வரவேண்டும் என்பதை மட்டும் எந்தப் பேராசிரியரும் சொல்லித்தரவில்லை.

காலையில் வந்தவள் ஒரு தையல்காரி. மூன்று பிள்ளைகள். நாலாவதைத் தாங்க உடம்பில் தெம்பில்லை என்றாள். எட்டு வாரம்தான், சட்டமும் தடுக்கவில்லை. மறுநாள் வரும்படி மகள் சொல்லியனுப்பினாள். பதிவேட்டில் அதைப் பார்த்த அப்பா முதலில் தையல்காரியின் புருஷனுக்குப் போன் போட்டார். பிறகுதான் தட்டை வீசினார். பெண்டாட்டி வந்து போனதைப் புருஷனுக்குத் தெரிவிப்பது, தாத்தா காலத்திலிருந்து இந்த ஆஸ்பத்திரி காத்துவரும் மரியாதை.

மகளின் நெற்றியில் தையல் போட்டு முடிப்பதற்குள் தையல்காரியைப் பக்கத்து வீட்டார் தூக்கி வந்தார்கள். புருஷன் விலாவிலும் அடிவயிற்றிலும் ஏறி மிதித்திருந்தான். புடவை முழுக்க ரத்தம்.

அப்பா நாடி பிடித்துப் பார்த்தார். "ஏன் நிக்கறே? உள்ள கொண்டுபோய்ச் சுத்தம் பண்ணு."

"தலை காட்ட முடியாதுன்னு இப்பதானே சொன்னீங்க, அதே வேலைதாம்பா இது."

"அது வேற. இது தானா கலைஞ்சது."

அதே குழாய், அதே கை, பத்து நிமிஷ வேலை. பயிற்சியில் அவள் பார்த்த எந்தப் பெண்ணுக்கும் விலா எலும்பு உடைந்திருக்கவில்லை. இவளுக்கு இரண்டு உடைந்திருந்தன.

மயக்கம் தெளிந்ததும் தையல்காரி, "அவருக்கு யாரு டாக்டரம்மா சொன்னது?" என்று கேட்டாள்.

போலீசுக்குப் போகவேண்டிய தாளில், குளியலறையில் வழுக்கி விழுந்ததாக எழுதச் சொன்னார் அப்பா. "ரெண்டு குடும்பத்து மானம் உன் பேனாவுல இருக்கு."

கணவன் மிதித்ததில் கரு கலைந்தது என்று மகள் எழுதினாள். கணவனுக்குத் தகவல் சொன்னவர் யார் என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை. கீழே ஒரு கோடு போட்டு இடம் உண்டாக்கி, அப்பாவின் பெயரை டாக்டர் பட்டங்களோடு முழுதாக எழுதினாள்.

அவர் கை ஓங்கினார். அவள் முகத்தைத் திருப்பவில்லை. தாளை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உங்க பட்டத்துல எதுவும் விட்டுப்போகலையேப்பா?"